உள்ளது உள்ளபடி

கதை எழுதுகிறவனுக்குப் பென்சிலால் படம் வரைகிற பழக்கமும் இருந்தால், பொழுதுபோக்கு என்று சொல்லி நண்பர்கள் அவனை மன்னித்து விடுவார்கள். நானும் அப்படித்தான் மன்னிக்கப்பட்டு வந்தேன். ஒரு முதிய நாகஸ்வர வித்துவானின் முகத்தை வரையப் போன பிறகுதான், அது அவ்வளவு தீங்கற்ற பொழுதுபோக்கு அல்ல என்று எனக்குத் தெரிந்தது.

தஞ்சைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்தார் அவர். ஐம்பது ஆண்டுகள் கோயிலிலும் கல்யாணப் பந்தலிலும் வாசித்தவர். நான் போனபோது வாசிப்பை நிறுத்தி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. முன்பற்கள் விழுந்துவிட்டன. நாகஸ்வரக்காரருக்குப் பல் என்பது உணவுக்கு மட்டும் உரியதன்று. சீவாளியைப் பிடிக்கும் உதட்டுக்குப் பின்னால் நின்று தாங்குவதும் அதுதான். பல் போனால் பிடி போயிற்று. பிடி போனால் சுருதி போயிற்று.

"உங்களை உள்ளபடி வரைய வேண்டும், ஐயா" என்றேன்.

"வரைஞ்சுக்குங்க, தம்பி" என்று திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "போனிலே எடுத்தா ஒரு நிமிஷம்கூட ஆகாதே, தாத்தா!" என்றான் பேரன். அவர் சிரித்துக்கொண்டார்.

இரண்டு மணி நேரம் வரைந்தேன். கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நெற்றிக்கும் மூக்குக்கும் உள்ள தூரத்தை அளந்தேன். தலையின் உயரத்தில் ஏறக்குறைய சரிபாதியில்தான் கண்கள் இருக்கும். புதிதாக வரைகிறவர்கள் கண்களை மேலே ஏற்றி நெற்றியைக் குறுக்கிவிடுவார்கள். அந்தப் பிழையை நான் செய்யவில்லை. கடினமான 2ஹெச் பென்சிலால் மெல்லிய கோடுகள். மென்மையான 4பி பென்சிலால் நிழல்கள். கருவிழியின் ஒளிப்புள்ளிக்கு மட்டும் காகிதத்தின் வெண்மையைத் தொடாமல் விட்டேன். கன்னத்தின் தளர்ச்சி, வாயின் குழிவு, பல் இல்லாத இடத்து இருட்டு எதையும் விடவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "பல்லு போனதை நல்லாப் பாத்திருக்கீங்க, தம்பி" என்றார். அவ்வளவுதான். காப்பி கொண்டுவந்த அவர் மனைவியும் எட்டிப் பார்த்தார். "எல்லாம் இருக்கு, தம்பி. ஆனா, வாசிச்ச மனுஷர் இல்லையே!" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது என்னை நானே தேற்றிக்கொண்டேன். நான் பொய் ஒன்றும் வரையவில்லையே! இருந்ததைத்தானே வரைந்தேன்? உண்மை கசக்கத்தானே செய்யும்? கதை எழுதுகிறவர்கள் அடிக்கடி ஓடி ஒளிந்துகொள்ளும் இடம் இது. சித்திரம் தீட்டுவதையும் கதை புனைவதையும் தமிழில் 'எழுதுதல்' என்ற ஒரே சொல்லால் குறிப்பதுண்டு. ஆகவே குற்றம் ஒன்றானால், சாக்கும் ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை.

அந்த இரவு தூக்கம் வராமல் ஒரு பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். 1819-இல் ரோமாபுரியில் ஆங்க்ர் என்ற பிரெஞ்சு ஓவியர் வயலின் மேதை பகனினியை வரைந்த பென்சில் சித்திரத்தின் அச்சுப் படம் அது. மூலம் பாரிஸில், லூவர் காட்சிசாலையில் இருக்கிறது. 1815-இல் நெப்போலியன் வீழ்ந்த பிறகு ரோமில் ஆதரித்தவர்களை இழந்த ஆங்க்ர், அங்கு வந்த பயணிகளைப் பென்சிலால் வரைந்து வயிறு வளர்த்தார். பெரிய சரித்திர ஓவியங்கள் தீட்டப் பிறந்தவன் என்று தம்மை எண்ணியிருந்த அவருக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. ஆனால் அவருக்குச் சங்கீதம் தெரியும். இளமையில் தூலூஸ் நகரத்து வாத்தியக் குழுவில் வயலின் வாசித்தவர். ஒருவர் தம் தொழிலை விட்டுப் பற்றோடு செய்யும் இன்னொரு காரியத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் 'ஆங்க்ரின் வயலின்' என்றே சொல்கிறார்கள்.

பகனினியைப் பற்றி அந்த நாளில் உலவிய கதைகள் கொஞ்சமல்ல. சாத்தானுக்கு ஆத்மாவை விற்று வித்தை வாங்கியவர் என்றுகூடப் பேசினார்கள். 1840-இல் நீஸ் நகரில் இறுதிச் சடங்கு பெறாமல் அவர் இறந்தபோது, மாதாகோயில் நிலத்தில் அடக்கம் செய்ய அனுமதி மறுக்கப்பட்டது. 1876-இல்தான் பார்மா நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

அந்த மனிதரை ஆங்க்ர் எப்படி வரைந்தார்? ஒழுங்காக உடுத்திய ஒருவர் நிற்கிறார். கையில் வயலினும் வில்லும் இருக்கின்றன; வாசிக்கவில்லை. அமைதியாக நம்மைப் பார்க்கிறார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1831-இல், டெலக்ருவா என்ற ஓவியர் அதே பகனினியை வண்ணத்தில் தீட்டினார். சுற்றிலும் இருட்டு, மெலிந்த உடல் வயலினோடு வளைந்து நிற்கிறது, முகத்திலும் கைகளிலும் மட்டுமே வெளிச்சம். இந்தப் படம் இப்போது வாஷிங்டனில், பிலிப்ஸ் கலைக்கூடத்தில் இருக்கிறது.

இரண்டில் எது உள்ளபடி வரைந்த படம்? சட்டைப் பொத்தானைக் கணக்கிடுகிறவர் ஆங்க்ரைச் சொல்வார். கச்சேரி கேட்டவர் டெலக்ருவாவைச் சொல்வார். எனக்கோ வேறொன்று தோன்றியது. இருவருமே எதையோ விட்டிருக்கிறார்கள். டெலக்ருவா துணிமணிகளின் நுணுக்கத்தை விட்டார். ஆங்க்ர் ஊர் வாயை விட்டார். சாத்தானின் சீடன் என்று ஊர் சொன்னவரைச் சாதாரண மனிதராக நிறுத்தினார். விடாமல் வரைந்த படம் என்று உலகில் ஒன்றும் இல்லை. அப்படியானால் எதை விட்டோம் என்பதற்கு வரைகிறவன்தானே பொறுப்பு? 'உள்ளதைத்தான் வரைந்தேன்' என்று சொல்லி அவன் எப்படித் தப்ப முடியும்?

நான் எதை விட்டிருந்தேன்? ஐம்பது ஆண்டுகளை விட்டிருந்தேன். பல் போன இடம் கண்ணுக்கு எளிதில் பட்டது, அதைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் எதிர்த் திசையில் ஒரு சபலம் தோன்றியது. அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. கருகருவென்ற குடுமி, மார்பில் பதக்கங்கள், கையில் நாகஸ்வரம். அதைப் பார்த்து வரைந்து கொடுத்தால் வீடே மகிழும். ஆனால், 'உங்கள் இன்றைய முகம் வரையத் தக்கதல்ல' என்று ஒரு கிழவரிடம் சொல்வதற்கு அதைவிட நாகரிகமான வழி உண்டா? முதல் படம் அவரைப் புண்படுத்தியது. இந்தப் படம் அவரை ஒழித்தே விடும்.

மறுவாரம் மறுபடி போனேன். "வாத்தியத்தைக் கொஞ்சம் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. வாசிக்க வேண்டாம்" என்றேன்.

தயங்கினார். பிறகு உறையிலிருந்து எடுத்தார். ஒரு சீவாளியைத் தேர்ந்து, நனைத்து, பொருத்தி, உதட்டில் வைத்தார். ஊதவில்லை. ஆனால் விரல்கள் தாமாகவே துளைகளில் போய் உட்கார்ந்தன. கண்கள் பாதி மூடின. போன வாரம் தளர்ச்சி என்று நான் கண்ட கன்னத்துச் சுருக்கங்கள், ஐம்பது ஆண்டுகள் காற்றை அடக்கி வைத்த தடங்கள் என்று இப்போது தெரிந்தது. ஒரு சுருக்கத்தைக்கூடக் குறைக்காமல் வரைந்தேன்.

சீவாளி பல்லை மறைத்துவிட்டதே, அதுவும் ஒரு தந்திரந்தானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். மறைத்தது நானல்ல, அவருடைய வாழ்க்கை என்று ஒரு பதில் தோன்றுகிறது. அது முழுப் பதில்தானா என்று நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். முதல் படத்தை நான் கிழிக்கவில்லை. அது பொய்யல்ல, மேசை அறையில் இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லை.

இரண்டாவது படத்தையும் அவர் வெகுநேரம் பார்த்தார். நான் மூச்சு விடாமல் நின்றேன். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. படத்தில் ஒரு விரலைச் சுட்டிக் காட்டினார்.

"இந்த விரல் துளையை முழுக்க மூடாது, தம்பி. பாதிதான். முழுக்க மூடிட்டா ஸ்வரமே மாறிப்போயிடும்."

ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, அவர் காட்டியபடி திருத்தினேன்.