காண்பவன் கடன்

அழகிய ஓர் இடத்தைக் காணச் செல்கின்றவன் அவ்விடத்திற்கு ஏதேனும் கடன்பட்டிருக்கின்றானா? கட்டணம் செலுத்தினான்; கண்ணாரக் கண்டான்; வீடு திரும்பினான். இத்துடன் அவன் கணக்குத் தீர்ந்துவிட்டதா? இவ்வினா அற்பமானதென்று சிலர் நினைக்கலாம். ஆயினும், ஊன்றி ஆராயுமிடத்து, மனிதன் மனிதனை எவ்வாறு மதிக்கின்றான் என்னும் பெரிய வினாவே இதனுள் அடங்கியிருக்கக் காண்போம். வெறுஞ் சொற்களால் ஆராய்வதினும், உண்மையான ஓர் ஊரை முன்வைத்து ஆராய்தல் தெளிவு தரும்.

ஐரோப்பாவில், ஆஸ்திரியா நாட்டிலே, ஹால்ஸ்டாட் என்றொரு சிற்றூர் உண்டு. டாக்ஸ்டைன் மலைகளின் அடிவாரத்தில், ஆழமான இடத்தில் 125 மீட்டர் ஆழம் உடைய ஏரியொன்றின் கரையில் அது அமைந்துள்ளது. செங்குத்தான மலைக்கும் நீருக்கும் இடையே கிடைத்த ஒடுங்கிய நிலத்தில், வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் நிற்கின்றன. காற்றில்லாத காலையில் மலையும் வீடுகளும் கோயிற் கோபுரமும் தலைகீழாக நீரிலே தோன்றும். 1890ஆம் ஆண்டில் மலையை உடைத்துச் சாலை அமைக்கும் வரையில், ஓடத்திலோ ஒற்றையடிப் பாதையிலோதான் அவ்வூரை அடைய முடிந்தது. இன்றும் புகைவண்டியில் வருவோர் எதிர்க்கரையில் இறங்கிப் படகேறியே ஊருக்குட் செல்கின்றனர். 1997ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் இவ்வட்டாரத்தை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இவ்வூரைக் கண்டவர் பலரும், "இயற்கை அன்னையின் வனப்பே வனப்பு!" என்று வியந்து மீள்வர். மலையும் ஏரியும் இயற்கை தந்தவை என்பது மெய்யே. ஆனால், கலப்பை செல்ல நிலமில்லாத அந்த மலைச்சரிவில் மக்கள் ஏன் குடியேறினார்கள்? அழகைக் கண்டா? அன்று, உப்பைக் கண்டு. ஊருக்கு மேலேயுள்ள மலையின் வயிற்றில் உப்புப் பாறை இருக்கின்றது. அதனை வெட்டி எடுத்தற்பொருட்டு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர் அம்மலையைக் குடைந்து வந்திருக்கின்றனர். சுரங்கத்தினுள் உப்பினாற் காக்கப்பட்ட மரப்படிக்கட்டு ஒன்று 2003ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டது. அதன் மரங்கள் கி.மு. 1344ஆம் ஆண்டையொட்டி வெட்டப்பட்டவை என்று ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். உப்புநீரை ஊரிலிருந்து எபன்சே என்னும் இடத்துக்குக் கொண்டு செல்வதற்காக, 1595 முதல் 1607 வரை, துளையிட்ட மரங்களை ஒன்றோடொன்று பொருத்தி 40 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய் அமைத்தனர். ஆகவே, அவ்வூரின் வீடும் வீதியும் கோயிலும் உப்பு வெட்டிய கைகளால் உண்டானவை. இயற்கை இடத்தைத் தந்தது; உழைப்பு ஊரைத் தந்தது.

அந்த உழைப்பாளிகளின் நிலை யாது? 1846ஆம் ஆண்டில், சுரங்க அதிகாரியாகிய ராம்சவர் என்பவர் மலைமேலுள்ள பள்ளத்தாக்கில் மிகப் பழைய இடுகாடு ஒன்றைக் கண்டார். 1863 வரையில் அவர் தோண்டிய புதைகுழிகள் 980. ஐரோப்பிய இரும்புக் காலத்தின் முற்பகுதிக்கே 'ஹால்ஸ்டாட் காலம்' என்று பெயர் வழங்கலாயிற்று. அக்குழிகளிலே வெண்கலக் கலங்களும், அம்பர் மணிகளும், யானைத் தந்தக் கைப்பிடியுள்ள வாளும் கிடைத்தன. இவை முதலாளிகளின் சமாதிகள் போலும் என்று நாம் எண்ணுவோம். ஆனால், எலும்புகளைச் சோதித்த அறிஞர் கூறுவது வேறு. ஆண்களின் எலும்புகளிலே ஓயாது கருவியோங்கிய அடையாளம் உண்டு. பெண்களின் எலும்புகளிலே பளுச்சுமந்த அடையாளம் உண்டு. சிறுவர் எலும்புகளுங்கூடத் தேய்ந்திருக்கின்றன. சுரங்கத்துள் குழந்தைகளின் சிறு காலணிகளும் கிடைத்துள்ளன.

இதிலிருந்து இரண்டு உண்மைகளைக் கொள்ளலாம். ஒன்று மகிழத்தக்கது: பாடுபட்டவரே அச்செல்வத்தோடு அடக்கஞ் செய்யப்பட்டனர்; உழைப்பும் மதிப்பும் அங்கே ஒரே குழியில் இருந்தன. மற்றொன்று வருந்தத்தக்கது: அச்செல்வத்திற்குக் குழந்தைகளின் முதுகும் விலையாயிற்று. பழமை முழுதும் பொற்காலம் என்று பாடுவாரும், பழமை முழுதும் இருட்காலம் என்று இகழ்வாரும் இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குவாராக.

பிற்காலத்து ஹால்ஸ்டாட் தன் முன்னோனை எவ்வாறு வரவேற்றது தெரியுமா? 1734ஆம் ஆண்டில் சுரங்கத்தின் ஒரு பகுதி சரிந்தபோது, உப்புப் பாறையோடு இறுகிக் கிடந்த பழங்காலத் தொழிலாளி ஒருவனுடைய உடல் வெளிப்பட்டது. அவன் அம்மலையிலேயே உழைத்து, அம்மலையிலேயே மாண்டவன். ஆயினும், அவன் கிறிஸ்துவனல்லன் என்று கருதி, இடுகாட்டின் ஒதுக்குப்புறத்தில் புதைத்துவிட்டனர். கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூறாண்டுகளுக்கு முன்னரே இறந்தவன் எவ்வாறு கிறிஸ்துவனாக இருத்தல் கூடும் என்று அன்று எவரும் கேட்டிலர்! அதே 1734ஆம் ஆண்டில், புரட்டஸ்டண்டு மதத்தைத் தழுவிய குற்றத்திற்காக, அவ்வட்டாரத்து மக்கள் பலர் அரசாணையால் திரான்சில்வேனியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். மதவெறி, செத்தவனையும் விடவில்லை, உயிரோடிருந்தவனையும் விடவில்லை.

இதற்கு மாறானதொரு காட்சியும் அவ்வூரில் உண்டு. இடுகாட்டிற்கு நிலம் போதாமையால், சில ஆண்டுகள் கழித்து எலும்புகளை எடுத்துச் சிறு மண்டபமொன்றில் வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. அங்கே ஏறக்குறைய 1,200 மண்டையோடுகள் இருக்கின்றன. அவற்றுள் 600க்கு மேற்பட்டவற்றின் நெற்றியில் இலையும் பூவும் தீட்டிப் பெயர் எழுதியிருக்கின்றனர். நிலம் குறைந்த ஊர், ஒருவருக்கொருவர் இடம்விட்டுக் கொடுக்கக் கற்றுக்கொண்டது. பரந்த நிலம் இருந்தும் சாதிக்கொரு சுடுகாடு வகுத்த நம்மவர், அம்மண்டபத்தின் முன் நின்று வெட்கமுறுதல் நன்று.

இனி இக்காலத்திற்கு வருவோம். இன்று ஹால்ஸ்டாட்டில் வாழ்வோர் ஏறத்தாழ எழுநூற்றைம்பதின்மர். கோடைகாலத்தில் ஒரே நாளில் பதினாயிரம் பேர் வரையில் காண வருகின்றனர். சீன நாட்டார் 2012ஆம் ஆண்டில், குவாங்டாங் மாகாணத்தில், இவ்வூரைப் போன்றே ஒரு போலியூரைக் கட்டி முடித்தனர். அங்கே வீடுகளைப் படியெடுத்தார்கள். உப்பு வெட்டியவனை எங்ஙனம் படியெடுப்பது? 2023ஆம் ஆண்டில், படம் பிடிப்போர் திரளும் இடமொன்றில், ஏரியை மறைத்து மரவேலி எழுப்பப்பட்டது. எதிர்ப்பு எழவே அது அகற்றப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், வருவோர் தொகைக்கு வரம்பு வேண்டுமென்று ஊரார் கிளர்ச்சி செய்தனர்.

"அழகு எவருக்கும் உடைமையன்று; அதனை மறைக்க இவர்கள் யார்?" என்று ஒரு சாரார் வினவுவர். "வருவோர் பணத்தில் வாழ்ந்துகொண்டே வருவோரை வெறுத்தல் முறையோ?" என்று மற்றொரு சாரார் வினவுவர். இவ்விரு வாதங்களையும் தள்ளிவிடல் இயலாது. உலகத்தைச் சுற்றிக் காணும் இன்பம் செல்வர்க்கே உரியதாயிருந்த காலம் போய், உழைப்பாளியும் ஓய்வுநாளில் ஓரூரைக் காண்கின்றான் என்றால், அது முன்னேற்றமேயாம். ஆனால், மலை எவருக்கும் உடைமையன்று என்பதனால், மலையடியில் வாழ்பவனுடைய வாயிற்படியும் எல்லோருக்கும் பொது என்றாகுமா? அவன் சன்னலுக்குள் எட்டிப் பார்ப்பதும், அவன் குழந்தையைக் கேளாமற் படம் பிடிப்பதும் கட்டணத்துள் அடங்குமா? பணம் பொருளுக்கு ஈடாகும், மதிப்புக்கு ஈடாகாது. காண்பவன் படும் கடன் இதுவே: காட்சியினுள் மனிதன் இருக்கின்றான் என்பதை மறவாமை.

நண்பர்களே, இது தொலைதூரத்துக் கதையன்று. நம் மலாயாவின் கேமரன் மலையிலே தேயிலைத் தோட்டங்கள் பச்சைப் பட்டு விரித்தாற்போல் காட்சியளிக்கின்றன. 1929ஆம் ஆண்டில் அங்கே போ தோட்டம் தொடங்கிய காலத்தில், காட்டை அழித்துக் கன்று நட்டுக் கொழுந்து கிள்ளியவருள் தமிழர் பலர். அச்சரிவைப் புகழ்ந்தவர் ஆயிரம் பேர். லயத்து வீட்டில் வாழ்ந்தவனைப் பற்றிக் கேட்டவர் எத்தனை பேர்? "எம்மை எவரும் கண்டிலர்" என்று நம் பாட்டனும் பாட்டியும் நொந்தது நியாயமே.

ஆனால், இன்று அம்மலையில் வேலை செய்வோருள் வங்காள தேசத்தாரும் நேபாளத்தாரும் இந்தோனேசியரும் மிகப் பலர். நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் தோட்டத்துப் பிள்ளை, விடுமுறையில் குடும்பத்தோடு மலையேறுகின்றான்; தேயிலைச் செடிகளின் நடுவே நின்று படம் எடுக்கின்றான். பின்னே கூடை சுமந்து நிற்பவன் படத்தைக் கெடுக்கின்றான் என்று கருதி, "சற்றே விலகு" என்று கை காட்டுவானாயின், அவன் விலகச் சொல்வது யாரை? அந்நியனையா? அன்று, தன் பாட்டனையே விலகச் சொல்கின்றான்.

பிறர் நம்மைக் காணவில்லை என்று குறைகூறும் உரிமை, நாம் பிறரைக் காணும் வரையில்தான் நமக்கு உண்டு. ஆதலின், ஏரிக்குச் செல்க, மலைக்குச் செல்க, கண் குளிரக் காண்க. அங்கே உழைப்பவன் எதிர்ப்படின், அவனுக்கு வழிவிட்டு, வணக்கம் கூறி, ஊர் யாதெனக் கேட்டு வருக. அக்கடனைத் தீர்த்தவனே அவ்விடத்தை உள்ளபடி கண்டவனாவான்.