மருந்தோடு மனத்துணையும்

புற்றுநோய் என்று அறிந்தவுடன் நம் இல்லங்களில் முதலில் எழும் சொல், "முன்வினைப் பயன்" என்பதாகும். அசாதா வேதனீய கர்மத்தின் உதயத்தால் துன்பம் வருகிறது என்பது நம் ஆகமம் கூறுவதே. ஆயினும் அதனை நோயுற்றவரின் முகத்திற்கு நேரே சொல்லுதல் அஹிம்சையாகுமா?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரால் பெரிதும் முயன்றதன் பயனாக, 1954-ல் அடையாறு புற்றுநோய் நிலையம் தோன்றியது. இன்று அங்கு உளவியல் ஆலோசனைக்கெனத் தனித்துறையும் உண்டு. விக்கிரமங்கலம் போன்ற சிற்றூரினின்று அரியலூர் வந்து ரயிலேறிச் சென்னை செல்வோர், கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக வாரக்கணக்கில் தங்க நேரும். மருந்தின் கடுமையால் முடி உதிரும், உணவு கசக்கும், செலவுக் கவலை உறக்கத்தைக் கெடுக்கும். அவ்வேளையில், "நான் செய்த பாவம் என்ன?" என்னும் கேள்வி மருந்தால் தீராது.

துன்பத்தில் அழுந்திய மனம் ஆர்த்த தியானத்தில் வீழ்ந்து புதுவினையைக் கட்டிக்கொள்ளும் என்பர் நம் ஆசாரியர். அவ்வாறாயின், சுடுசொல்லால் அம்மனத்தை அங்குத் தள்ளியவர்க்கும் பாவத்தில் பங்கில்லையா? வினைக் கொள்கை நம்மை நாம் திருத்திக்கொள்ள அளிக்கப்பெற்றது. பிறர் நோய்க்குத் தீர்ப்புக் கூறுவதற்கன்று.

நோயுற்றோர்க்குத் தொண்டு செய்தலை வையாவிருத்தியம் எனப் பெயரிட்டு, அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வைத்தனர் ஆன்றோர். அருகமர்ந்து குறுக்கிடாது கேட்பதும், அச்சம் மிகுந்தால் உளவியல் ஆலோசகரிடம் அழைத்துச் செல்வதும் அத்தவத்தின் பாற்பட்டனவே. அன்பர்களே, நோயாளியைக் காணச் செல்லும்போது பழவினையைப் பேசாது, அவர் பேசுவதைக் கேட்டு வருவோமாக.