இரப்பின் இழிவு யாருக்கு?

பசித்தவனுக்குச் சோறிடுவதை இகழும் சமயமும் இல்லை, நீதிநூலும் இல்லை. ஆயினும், சமுதாய மாற்றத்தை வேண்டி நிற்கும் நம்மவரிடையே தருமத்தைப் பற்றிய ஓர் ஐயம் நெடுங்காலமாக உண்டு. கொடுப்பவனின் மனச்சாட்சியை அது உறங்கச் செய்கிறது. பெறுபவனின் சினத்தைத் தணித்துவிடுகிறது. வறுமையின் காரணத்தைத் தொடாது அதன் புண்ணுக்கு மாத்திரம் களிம்பிடுகிறது என்பர். இக்கூற்றில் உண்மை உண்டு. எனினும் அதனை ஒரு வாய்பாடு போல ஒப்புவித்துவிட்டு அப்பாற் செல்வது நேர்மையாகாது. கிறிஸ்தவ அறப்பணியின் வரலாற்றிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு, அதன் பெருமையையும் எல்லையையும் ஒருங்கே நோக்க முற்படுவோம்.

பிரான்சு தேசத்தின் பிரிற்றனிக் கரையிலுள்ள கன்கால் என்னும் மீன்பிடி ஊரில் 1792ஆம் ஆண்டு பிறந்தவர் ஜான் ஜூகான் அம்மையார். அவர் சிறு குழந்தையாயிருந்தபோதே தந்தை கடலோடு போய்விட்டார். பிறர் வீடுகளிலும் மருத்துவமனையிலும் பணிப்பெண்ணாக உழைத்தே அவர் வாழ்ந்தார். 1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், தமது 47ஆவது வயதில், இன்று சென் மாலோ நகரின் ஒரு பகுதியாகிவிட்ட சென் சேர்வான் பட்டினத்தில், பார்வையிழந்து பாரிசவாதமும் கண்டிருந்த ஆன் ஷோவான் என்னும் மூதாட்டியைத் தாம் குடியிருந்த வீட்டுக்குக் கொண்டுவந்தார். தமது படுக்கையை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தாம் பரணிற் படுத்துக்கொண்டார். ஒருத்தியைத் தொடர்ந்து மற்றொருத்தி வந்தாள். 1841இல் 12 முதியவர்கள் தங்கத்தக்க இடமொன்றைத் தேடவேண்டியதாயிற்று. ஏழைகளின் சிறிய சகோதரிகள் எனப் பின்னர் உலகறிந்த கன்னியர் சபையின் தோற்றம் இதுவே.

கொடுத்த படுக்கையினும் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது வேறொன்று. அம்மூதாட்டிகளிற் பலர் முன்னர் வீடுவீடாகச் சென்று இரந்து உண்டவர்கள். அவர்கள் மீண்டும் தெருவுக்குச் செல்வதை ஜூகான் அம்மையார் விரும்பவில்லை. வழக்கமாகக் கொடுப்போர் யார் யார் என்று அவர்களிடமே கேட்டறிந்து, கூடையை ஏந்திக்கொண்டு அவர்களுக்குப் பதிலாகத் தாமே படியேறினார். சிலர் கொடுத்தனர், சிலர் ஏசினர். அந்த ஏச்சு, கண்ணற்ற கிழவியின் செவிக்கு எட்டவில்லை.

திருக்குறளில் ‘இரவு’ என ஓர் அதிகாரமும், அதனை அடுத்து ‘இரவச்சம்’ என ஓர் அதிகாரமும் உள. இரத்தலின் துன்பம் பசியின் துன்பத்தினும் வேறானது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பசி வயிற்றைச் சுடுவது. இரப்போ மனிதனைக் குறுகச் செய்வது. முதலாவதை நீக்கும் தருமம் உலகில் ஏராளம். இரண்டாவதைத் தன் தலைமேல் ஏற்றுக்கொள்ளும் தருமம் அரிது. உதவி எவ்வளவு என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. அவ்வுதவியில் அடங்கியுள்ள வெட்கத்தைச் சுமப்பவர் யார் என்றும் கேட்டல் வேண்டும்.

இவ்வளவுகோலைக் கொண்டு நம் காலத்து ஈகையை அளந்து பார்ப்போம். கால் இழந்த ஒருவருக்குச் சக்கர நாற்காலி வழங்கப்படுகிறது. கொடுப்போர் பதின்மர் சூழ்ந்து நிற்க, நடுவே அவர் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் படம் ஊரெங்கும் பரவுகிறது. நாற்காலி அவருக்குப் பயன்படும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதற்குரிய விலையை அவர் தமது முகத்தாற் செலுத்திவிட்டார். கொடுத்தவர்களோ புகழைப் பெற்றுக்கொண்டு சென்றனர். இது கொடையா, கொடுக்கல் வாங்கலா?

இனி எல்லையை நோக்குவோம். கூடை எத்துணைத் தூய கையில் இருப்பினும், அது நிரம்புவது கொடுப்பவனின் மனநிலையைப் பொறுத்தது. அம்மையார் பிறந்த மறு ஆண்டு, 1793இல், பிரெஞ்சுக் குடியரசு தனது உரிமைப் பிரகடனத்தில், வறியோர்க்கு உதவுதல் சமுதாயத்தின் புனிதமான கடன் என விதந்து கூறியது. கடன் என்ற சொல் ஆழ்ந்த பொருளுடையது. கடனைத் திருப்பிப் பெறுபவன் நன்றி கூறித் தலைகுனியவேண்டியதில்லை. ஆனால் அவ்வரசியலமைப்பு நடைமுறைக்கு வரவேயில்லை. ஆதரவற்ற 70 வயது கடந்தோர்க்கும், உழைக்கவியலாத அங்கவீனர்க்கும், தீரா நோயாளர்க்கும் உதவி வழங்குதல் கட்டாயம் எனப் பிரான்சு சட்டமியற்றியது 1905ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலாகும். இடையிற் கழிந்தவை 112 ஆண்டுகள். எத்தனை தலைமுறை முதியவர்கள் இக்காலத்திற் கூடையை நம்பி மாண்டனர்! கூடை நிரம்பிக்கொண்டிருந்தமையாலேயே ஆட்சியாளர் கடனை மறந்திருக்க முடிந்தது என்று ஒருவர் வாதிடின், அதனை முற்றாக மறுத்தல் எளிதன்று.

எனினும் சட்டம் வந்தால் இழிவு தானே அகன்றுவிடும் என்றெண்ணுதலும் பேதைமை. இங்கிலாந்தின் 1834ஆம் ஆண்டு வறியோர் சட்டம், உதவி பெறுபவனின் நிலை மிகத் தாழ்ந்த கூலியாளின் நிலையினும் தாழ்ந்திருத்தல் வேண்டும் என்பதையே கொள்கையாகக் கொண்டது. தொழிலகம் எனப்பட்ட வறியோர் விடுதிகளில் கணவனும் மனைவியும் வேறு வேறு பகுதிகளில் வைக்கப்பட்டனர். அங்கே இழிவு சட்டத்தின் கருவியாகவே அமைந்தது. அதே நாட்டில் 1908ஆம் ஆண்டுச் சட்டம் 70 வயது கடந்த வறியோர்க்கு வாரத்துக்கு 5 சிலிங் வரை ஓய்வூதியம் வழங்கியபோது, அதனை வறியோர் நிவாரண அதிகாரிகளிடம் போய்ப் பெறவேண்டியிருக்கவில்லை. தபாற்கந்தோரிலே பெற்றுக்கொள்ள முடிந்தது. முத்திரை வாங்குவோர் நிற்கும் வரிசையிற் கிழவனும் நிமிர்ந்து நின்றான். கரும்பீடம் மாறியபோது மனிதனும் மாறினான்.

அறப்பணி நிறுவனங்களும் நீதியின் விசாரணைக்கு அப்பாற்பட்டவையல்ல. 1845இல் பிரெஞ்சுக் கழகம் தனது நற்செயற் பரிசை ஜூகான் அம்மையாருக்கு வழங்கிற்று. அதற்கு முன்பே, 1843இல், சபையின் தலைமைக்கு அவரைத் தோழியர் மீண்டும் தெரிவுசெய்தபோது, லு பாயர் என்னும் குருவானவர் அத்தெரிவைத் தள்ளிவிட்டு வேறொருவரை அமர்த்தினார். காலப்போக்கில் தாமே சபையின் தாபகர் என்னும் தோற்றத்தையும் உண்டாக்கினார். 1852 முதல் 1879இல் இறக்கும்வரை 27 ஆண்டுகள், தம்மைத் தாபகரென அறியாத இளங் கன்னியரிடையே அம்மையார் அமைதியாக வாழ்ந்தார். 1890இல் றோமாபுரி லு பாயரைப் பதவியினின்றும் நீக்கியது. 2009இல் பாப்பரசர் 16ஆம் பெனடிக்ற், அம்மையாரைப் புனிதராக அறிவித்தார். அவரது பொறுமை வணக்கத்துக்குரியது. ஆனால் அப்பொறுமையைக் காட்டி, அவருக்கு இழைக்கப்பட்டதை அநீதியன்று எனக் கூறவியலாது. முதியோரைப் பேணும் இல்லத்திலும் ஒரு முதியவளின் உரிமை மறைக்கப்படலாமெனின், நற்பணி புரிவோரும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்களே.

இன்னுமொன்று. நிலையான வருமானம் எதனையும் ஏற்பதில்லை என இச்சபையார் 1865இல் தீர்மானித்தனர். இறைவனின் பராமரிப்பையும் நாளாந்த ஈகையையுமே நம்பி வாழ்வது அவர்தம் நெறி. துறவி தானாகத் தேர்ந்துகொண்ட வறுமை அது. அதற்கு நாம் தலைவணங்குவோம். ஆனால் மூதாட்டியின் வறுமை அவள் தேர்ந்ததன்று. அது வாழ்நாள் முழுவதும் உழைத்தவளுக்கு முதுமையில் ஒன்றும் எஞ்சாதவாறு அமைந்த ஒரு சமுதாயம் அவள்மேற் சுமத்தியது. ஒன்றின் புனிதத்தை மற்றதன் மீது பூசிவிடலாகாது.

இச்சபையின் இல்லமொன்று நமது கொழும்பு மாநகரிலும் உண்டு. இலங்கை அரசும் 1996இல் அங்கவீனர் உரிமைகளுக்கும், 2000ஆம் ஆண்டில் முதியோர் உரிமைகளுக்கும் சட்டங்களை இயற்றியுள்ளது. தம்மைப் பேணாத பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரும் உரிமையைப் பெற்றோர்க்குப் பிற்கூறிய சட்டம் அளிக்கிறது. ஆனால் தாயொருத்தி தன் மகனுக்கு எதிராக முறையிடத் துணிவாளா? உரிமை ஏட்டில் இருக்கிறது. அதனைக் கேட்கும் வெட்கம் இன்னும் அவளிடமே இருக்கிறது. அவ்வெட்கத்தைப் பகிர்ந்துகொள்ள, அவளோடு கந்தோர்ப் படியேற, ஓர் அயலவர் வேண்டும்.

1839ஆம் ஆண்டுக் குளிரில் நடுங்கிய ஆன் ஷோவான் 1905 வரை காத்திருக்க முடியாது. ஆகவே அவளைத் தாங்கிய கைகளை எள்ளி நகையாடும் உரிமை எந்தப் புரட்சிவாதிக்கும் இல்லை. அதுபோலவே, அவள் ஏன் அந்நிலைக்கு ஆளானாள் என்று கேட்பவனை நன்றிகெட்டவன் எனப் பழிக்கும் உரிமை எந்தத் தருமவானுக்கும் இல்லை. சோறும் மருந்தும் கூரையும் உரிமையாகக் கிடைக்கும் நாளிலும், பார்வையற்றவரின் கைப்பிடித்து நடக்கவும், தனித்திருக்கும் கிழவரோடு பேசியிருக்கவும் மனிதர் வேண்டும். சட்டத்தால் ஆக்கவியலாத அப்பணியே அன்பின் பணி. அதனை அன்புக்கு விட்டுவைத்து, ஏனையவற்றை உரிமையாக்கப் போராடுதல் நம் கடனாகும்.