ஸ்டிக்கர் தர்மம்

குறையைச் சொல்லி விற்றால் பாவம் ஒட்டாது என்பது வியாபாரத்தின் பழைய கணக்கு. 'ஸ்பீக்கர் அவுட்டு சார், அதான் பாதி விலை' என்று சொல்லி ரேடியோ விற்கிறவரை யாரும் திட்டுவதில்லை. ரேடியோவுக்குச் சரி. குடியிருக்கிற வீட்டுக்கும் இந்தக் கணக்கு செல்லுமா?

2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் தெற்குக் கரையைக் கத்ரீனா புயல் புரட்டிப் போட்டது. வீடிழந்தவர்களைத் தங்கவைக்க, 'ஃபீமா' என்கிற அந்நாட்டுப் பேரிடர் நிவாரண அமைப்பு ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிரெய்லர் வீடுகளை வாங்கிக் குவித்தது. பெரும்பாலானவை, காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற ரகம். லீவுக்கு நாலு நாள் தங்குவதற்கான சமாசாரம். அதில் ஜனங்கள் மாதக்கணக்கில், சிலர் வருஷக்கணக்கில் குடியிருந்தார்கள்.

கண் எரிகிறது, தொண்டை கமறுகிறது, குழந்தைக்கு மூச்சு இளைக்கிறது என்று புகார்கள் கிளம்பின. காரணம், ஃபார்மால்டிஹைடு. பிளைவுட்டையும் மரத்தூள் பலகையையும் ஒட்டுகிற பசையிலிருந்து கசியும் வாயு. வெயிலும் புழுக்கமும் கூடினால் இன்னும் கசியும். லூசியானாவில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. இது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2004-லேயே அறிவித்திருந்தது.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. 2007-ல் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது ஃபீமாவின் உள் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. 'நாங்கள் சொல்லாமல் டெஸ்ட் பண்ணாதீர்கள். ரிசல்ட் வந்துவிட்டால் நடவடிக்கை எடுத்தாக வேண்டும்' என்கிற ரீதியில் வக்கீல் ஆலோசனை. தெரிந்துகொண்டால் பொறுப்பு வந்துவிடும். அதனால் தெரிந்துகொள்ளாதே!

கடைசியில், அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் 519 டிரெய்லர்களைச் சோதித்தது. சாதாரண வீடுகளில் நூறு கோடிக்கு 10 முதல் 20 பங்கு இருக்கிற வாயு, இவற்றில் சராசரியாக 77 பங்கு. குறைந்தது 3. அதிகம் 590. ஆக, எல்லா டிரெய்லரும் விஷம் இல்லை. ஆனால் எது 3, எது 590 என்று பார்வைக்குத் தெரியாது.

மிச்சமான டிரெய்லர்களை என்ன செய்வது? 2010-ல் அரசு மொத்தமாக ஏலம் விட்டது. வாங்கின விலையில் சொற்பப் பங்குதான் தேறியது. 'குடியிருக்க ஏற்றதல்ல' என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அடுத்து வாங்குகிறவருக்கும் இதைச் சொல்வேன் என்று ஏலம் எடுத்தவர்களிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். சட்டப்படி சுத்தம்.

அதே வருஷம் மெக்ஸிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தது. கரையைச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளிகள் ராத்திரி எங்கே படுத்தார்கள் தெரியுமா? அதே டிரெய்லர்களில்! பலவற்றில் ஸ்டிக்கரைக் காணோம்.

'நாங்க சொல்லித்தானே வித்தோம்? இடையில எவனோ கிழிச்சா அதுக்கு நாங்க பொறுப்பா?' என்று அதிகாரி கேட்கலாம். நியாயம்போலத்தான் இருக்கிறது. அத்தனையையும் உடைத்துப் போடுவதும் மக்கள் பணத்தை வீணடிப்பதுதான். அதோடு, கூரையே இல்லாதவன், 'எரிச்சல் பரவாயில்லை, மழையில் நனைய முடியாது' என்று சொன்னால் அவனைத் தடுக்க நாம் யார்?

ஆனால், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கட்டில் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, கக்கூஸ் இருக்கிறது. அதைப் பாத்திரம் பண்டம் போட்டுவைக்கவா ஒருத்தன் வாங்குவான்? விலை இறங்க இறங்க, அது யாரிடம் போய்ச் சேரும் என்பது விற்கிறவருக்குத் தெரியாதா? வேறு வீட்டுக்கு வழியில்லாதவனிடம்தான். எச்சரிக்கை முதல் கையோடு நின்றுவிடுகிறது. வாயு மட்டும் கடைசி ஆள்வரை கூடவே போகிறது. தெரிந்தே ஏற்றுக்கொள்கிறவனின் சுதந்திரம் பற்றிப் பேசுவதென்றால், முதலில் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே!

அதனால் என் கட்சி இதுதான். பொருளின் ஆபத்து அதன் உருவத்திலேயே ஒளிந்திருக்கும்போது, சொல்லிவிட்டேன் என்பது பாதிப் பொறுப்புதான். ஒவ்வொன்றையும் சோதித்து அளவைச் சொல்லி விற்றிருக்கலாம். மோசமானவற்றிலிருந்து சக்கரத்தையும் இரும்பையும் கழற்றிக்கொண்டு, வீடு என்கிற உருவத்தையே கலைத்திருக்கலாம். இரண்டுக்கும் செலவு ஆகும். ஸ்டிக்கர் மலிவு.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசாங்கம் கழித்துக்கட்டுகிற சாமான் அடிமாட்டு விலைக்கு வந்தால், 'எவ்வளவு' என்று கேட்பதற்கு முன்னால் 'ஏன்' என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டிய ஸ்டிக்கரை யாராவது ஏற்கெனவே கிழித்திருக்கலாம்.