வினாவுக்குரியோர்

பிறருடைய துன்பத்தைத் தன் போட்டிக்குரிய பொருளாக எடுத்துக்கொள்ளும் மாணவன், அத்துன்பத்திற்கு உரியவர்களுக்கு எவ்வகையிற் கடமைப்பட்டவன்? பல்கலைக்கழக மாணவர் குழுக்களுக்கென நடத்தப்பெறும் அனைத்துலகப் புத்தாக்கப் போட்டிகள் பெருகியுள்ள இக்காலத்தில் இது வெறும் ஏட்டுச்சுரைக்காய் வினாவன்று. 2010ஆம் ஆண்டில் தொடங்கிய ஹல்ட் பரிசு அத்தகைய போட்டிகளுள் ஒன்று. பத்து இலட்சம் அமெரிக்க டொலர் பெறுமதியான அப்பரிசை நாடிப் பல நாட்டு மாணவர்களும் போட்டியிடுகின்றனர். இலங்கைப் பல்கலைக்கழகங்களின் குழுக்களும் அவர்களுள் அடங்கும். வறுமை, பசி, குடிநீர், மின்சாரம் என்பனவே பெரும்பாலும் இத்தகைய போட்டிகளின் கருப்பொருள்கள். அவற்றை அனுபவிப்போர் போட்டியாளரும் அல்லர், நடுவரும் அல்லர். 'பயனாளிகள்' என்ற பெயரே அவர்களுக்குச் சூட்டப்படுகின்றது. இச்சொல்லே ஆராய்தற்குரியது. பயனைப் பெறுவோர் என்பதன்றி, வினாவை எழுப்புவோர் என்ற பொருள் அதில் இல்லை.

வெளியிலிருந்து நோக்கும் மாணவனுக்கு மன்னார்த் தீவு இத்தகைய கருப்பொருள்களின் களஞ்சியமாகத் தோன்றும். ஓயாத காற்று, கனிமம் செறிந்த மணல், மீன்வளம் மிக்க ஆழமற்ற கடல், தொலைதூர நாடுகளிலிருந்து வந்திறங்கும் பறவைகள் எனத் திட்டமொன்றை வரைவதற்கு வேண்டிய யாவும் அங்குண்டு. 'இக்காற்றிலிருந்து மின்சாரம் பெறுவது எங்ஙனம்?' என்பது செவ்விய பொறியியல் வினா. அதற்கு அரசு செவ்விய விடையொன்றையும் கண்டது. 2020 டிசம்பரில் தீவின் தென்கரையோரமாக 30 காற்றுச் சுழலிகளைக் கொண்ட தம்பபவனி நிலையம் திறந்துவைக்கப்பட்டது. அதன் கொள்ளளவு 103.5 மெகாவாற்று. எண்களால் அளக்குமிடத்து இது வெற்றியே. நிலக்கரிப் புகையினும் காற்று மேலானது என்பதையும் எவரும் மறுக்கப்போவதில்லை.

எனினும் 2025ஆம் ஆண்டில், மேலும் காற்றாலைகள் அமைப்பதையும் கனிம மணல் அகழ்வதையும் எதிர்த்து மன்னார் மக்கள் தெருவுக்கு வந்தனர். மழைநீர் வழிந்தோடும் பாதைகள் தடைப்பட்டன என்றனர். கரையோர மீன்வரவு குறைந்ததென்றனர். இம்முறைப்பாடுகளுள் விஞ்ஞான அளவீட்டின் முன் நிலைபெறுவன எவை என்பது தனியாய்வுக்குரியது. ஆயின், அவர்கள் கேட்டது முற்றிலும் வேறொரு வினா என்பது தெளிவு. பொறியியலாளர் 'எவ்வளவு மின்சாரம்?' என்று கேட்டவிடத்து அவர்கள், 'இந்தத் தீவில் இனி எப்படிச் சீவிப்பது?' என்று கேட்டனர். முதல் வினாவுக்குரிய விடை எத்துணைச் சிறந்ததாயினும் இரண்டாவதற்கு விடையாகாது.

தம்பபவனி மாணவர் போட்டியில் உருவானதன்று. ஆனால் வினாவுக்குரியோரை விட்டு வினாவைப் பிரித்தெடுக்கும் அதே பழக்கத்தைப் போட்டிகள் இளமையிலேயே ஊட்டிவிடுகின்றன. 2013ஆம் ஆண்டின் ஹல்ட் பரிசுக்குரிய பொருள் நகர்ப்புறச் சேரிகளின் உணவுத் தட்டுப்பாடு. பூச்சிகளை வளர்த்து உணவாக்கும் திட்டத்தை முன்வைத்த கனடாவின் மக்கில் பல்கலைக்கழக மாணவர் குழு அவ்வாண்டு வென்றது. அதன் வழிவந்த நிறுவனம் பின்னர் கனடாவின் இலண்டன் நகரிற் பாரிய வெட்டுக்கிளி இனப் பண்ணையொன்றை அமைத்தது. அங்கு விளைந்த மாவிற்கு முதன்மையான சந்தையாகக் கருதப்பட்டது வளர்ப்புப் பிராணிகளின் உணவுத் தொழில். இதில் வஞ்சகம் எதுவும் இல்லை. முதலீட்டின் போக்கு அது. சேரிவாசியின் பசி பரிசு பெறும்வரை உடன்வந்தது. சந்தைக்குள் அதற்கு இடமிருக்கவில்லை.

பிறர் துன்பத்தைப் பற்றிப் புறத்தார் சிந்திக்கவே கூடாதெனின், மருத்துவமே தோன்றியிராது என ஒருவர் வாதிடலாம். அது நியாயமான வாதம். 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழக மாணவர் சிலருக்குக் குறைமாதக் குழந்தைகளுக்கான வெப்பப் பேணுபெட்டியை மலிவாக அமைக்கும் பணி தரப்பட்டது. அக்குழுவில் ஒருவர் நேபாளத்துக்குச் சென்று பார்த்தபோது, மருத்துவமனையிற் பெட்டிகள் வெறுமையாகக் கிடந்தன. குழந்தைகளோ மருத்துவமனையை வந்தடைய இயலாது கிராமங்களிலேயே இறந்துகொண்டிருந்தன. குழு வினாவையே மாற்றியது. தொடர்ச்சியான மின்சாரமின்றி வெப்பத்தைப் பேணும் சிறு போர்வைப் பை அதன் பயனாகப் பிறந்தது. புறத்தார் வரலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. கொண்டுவந்த வினாவைக் கீழே வைக்கும் மனம் அவர்க்கு வேண்டும், அவ்வளவே.

அம்மனத்திற்குக் காலமும் தேவை. போட்டிகள் தருவதோ சில மாதங்கள். மன்னார்த் தீவின் மீனவர் ஆண்டு முழுவதும் ஒரே கடலை நம்பியிருப்பதில்லை. சோளகம் வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்க, வடகரை ஒதுக்கிடமாகும். வாடை எழுந்ததும் நிலைமை தலைகீழாகும். ஆனியில் வந்து அளவெடுத்துப் புரட்டாதியில் அறிக்கை சமர்ப்பிக்கும் குழு, வாடைக்காலத்தில் அத்தீவின் தொழில் எக்கரையில், எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைக் காணாமலே தன் விடையை முடித்துவிடும். தோற்ற குழு மீண்டும் அங்கு செல்வதில்லை. வென்ற குழுவும் பெரும்பாலும் செல்வதில்லை. தம் வலையையும் தோணியையும் காட்டி, நாளின் பாதியைச் செலவிட்டுக் கேட்டவற்றிற்கெல்லாம் விடைசொன்ன பேசாலையின் முதியவருக்கு அவ்வறிக்கையின் பிரதியொன்று, அவர் வாசிக்கக்கூடிய தமிழில், கிடைக்க வேண்டும் என்ற விதியை எந்தப் போட்டியும் இன்னும் முதன்மையாக வைத்ததாகத் தெரியவில்லை.