தாயுமானவர் காட்டும் வழி

'அவர் ரிட்டயரானதும் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு. தினமும் காவிரி ஸ்நானம், ரங்கநாதர் தரிசனம்!' உங்களில் பலருக்கும் இந்த ஆசை உண்டு, இல்லையா? நல்ல ஆசைதான். ஸ்நானம் முடிந்ததும் அம்மா மண்டபம் படித்துறையில் நின்று, எதிர்க்கரை மலைக்கோட்டையைப் பார்த்தும் கைகூப்புங்கள்.

அங்கே அருள்பவர் தாயுமானவர். கர்ப்பிணியான ரத்தினாவதிக்குத் துணையிருக்கப் பூம்புகாரிலிருந்து புறப்பட்டாள் அவள் தாய். காவிரியில் வெள்ளம், கடக்க முடியவில்லை. அந்தத் தாயின் வடிவில் ஈசனே வந்து பிரசவம் பார்த்தார் என்கிறது தலபுராணம். சுகப்பிரசவத்துக்காக இன்றும் அவருக்கு வாழைத்தார் சமர்ப்பிக்கிறார்கள்.

பெற்றவளால் வர முடியாதபோது இன்னொருவர் தாயாகலாம். இதுதான் அவர் காட்டும் வழி.

மனிதர்களால் முடியுமா? ஸ்ரீவைகுண்டம் கல்லூரி நூலகராக இருந்த கல்யாணசுந்தரம், தன் சம்பளத்தை ஏழைகளுக்கே கொடுத்தவர். ஓய்வுக்குப் பிறகும் 'பாலம்' அமைப்பின் மூலம் அந்தப் பணியைத் தொடர்ந்தார். 2023-ல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

உங்கள் பேரன் அமெரிக்காவில் இருக்கலாம். அவனுக்குக் காய்ச்சல் என்றால், 'பக்கத்தில் யாராவது ஒருத்தி பார்த்துக்கொள்ள மாட்டாளா?' என்று மனசு தவிக்கும். இங்கே திருச்சி கொட்டப்பட்டு முகாமில், கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் வளர்கிறார்கள். உங்கள் ஊரிலும் ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் இருக்கும். முறையாக அனுமதி பெற்று, வாரத்தில் இரண்டு மாலை பாடம் சொல்லிக் கொடுங்கள், தலைவாரி விடுங்கள்.

நீங்கள் அங்கே தேடும் அந்த 'ஒருத்தி'யாக, இங்கே நீங்களே இருங்கள். தாயுமானவர் மனம் குளிர்வார்!