முன்விரோதம்

காட்டில் வாழும் ஆண் சிங்கம் வயதாகிப் படுத்துச் சாவது அபூர்வம். பிறக்கும் குட்டிகளில் பாதிக்கு மேல் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. தாண்டிய ஆணையும் மூன்று வயது வாக்கில் கூட்டம் துரத்திவிடும். அண்ணன் தம்பி இருந்தால் அவர்களோடு, இல்லையென்றால் வழியில் கிடைத்த ஒருவனோடு சேர்ந்து, அடுத்தவன் எல்லையில் திருட்டுத்தனமாக வேட்டையாடிக்கொண்டு அலைய வேண்டும். ஐந்து வயதில் உடம்பு நிறைந்த பிறகு சண்டை போட்டு ஒரு எல்லையைப் பிடிக்கும். செரெங்கெட்டியில் அப்படிப் பிடித்த இடம் சராசரியாக இரண்டு மூன்று வருடம்தான் கையில் நிற்கிறது. பிறகு இளசாக இரண்டு பேர் வருவார்கள். தோற்றவன் பல் உடைந்து, கடிபட்ட இடத்தில் புழு வைத்து, வேட்டையாட முடியாமல் ஒரு புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்வான். ஜெயித்தவர்கள் அவனுடைய குட்டிகளைக் கொல்வார்கள். செரெங்கெட்டியில் குட்டிகளின் சாவில் ஏறக்குறைய கால்வாசி இப்படி நடப்பதுதான்.

புதருக்குள் படுத்திருக்கும் அவனுக்கு மருந்து போடலாமா?

விளையாட்டாகக் கேட்கவில்லை. திருவொற்றியூரில் நான் டீ குடிக்கும் கடையில் லாரிக்காரர்கள் போனில் சிங்கச் சண்டை வீடியோ பார்ப்பார்கள். ஒருநாள் இதையே கேட்டேன். ஹார்பருக்கு வண்டி ஓட்டும் ஒரு அண்ணன் சொன்னார்: "இன்னாத்துக்குப்பா வைத்தியம்? அதுங்களுக்குள்ள அடிச்சிக்கிச்சு, செத்துச்சு. நமக்கு இன்னா வந்துச்சு?" மேலோட்டமாகத் தெரிந்தாலும் காட்டுயிர் பாதுகாப்பின் பழைய கொள்கை கிட்டத்தட்ட இதுதான். தனி விலங்கு முக்கியமில்லை, இனம் முக்கியம். காயம், பசி, தோல்வி எல்லாம் அந்த இனத்தைச் செதுக்கும் உளிகள். ஒரு கிழவனைக் காப்பாற்றினால் அவன் இடத்துக்கு வரவேண்டிய இளையவனுக்கு அநியாயம் செய்கிறோம். எதிர்ப்பக்கத்தில் மார்த்தா நுஸ்பாம் போன்ற தத்துவவாதிகள் இருக்கிறார்கள். காட்டு விலங்கின் துன்பத்தை 'இயற்கை' என்று அழகுபடுத்துவது நம் சோம்பேறித்தனம், மனிதக் கை படாத காடு என்று இன்று எதுவும் இல்லை என்பது அவர்கள் வாதம்.

இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருக்கையில் எனக்கு மனுநீதிச் சோழன் ஞாபகம் வருகிறான். இளவரசனின் தேர்ச்சக்கரத்தில் கன்று சிக்கிச் செத்தது, பசு போய் ஆராய்ச்சி மணியை அடித்தது. நாம் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று அதில் இருக்கிறது. அந்தக் கன்றைப் புலி தின்றிருந்தால் பசு மணி அடித்திருக்காது. துக்கம் அதே துக்கம்தான். ஆனால் வழக்கு இல்லை. புலியின் வாய்க்கும் தேரின் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது, அதற்கு இந்தப் பக்கம் மட்டும்தான் ராஜா பதில் சொல்ல வேண்டும்.

சரி, கோடு கிடைத்துவிட்டது. கம்பி வேலியில் கிழிந்த காயத்துக்கு வைத்தியம், இன்னொரு சிங்கம் கடித்த காயத்துக்குக் கிடையாது. எளிமையான ஒரு இஃப்-எல்ஸ். என் தொழிலில் இப்படி எழுதி அனுப்பிவிட்டுத் தூங்கப் போவோம்.

கிர் காடு இதைத் தூங்க விடாது. 2018 செப்டம்பரில் குஜராத்தின் கிர் கிழக்கே, தல்காணியா சரகத்தில் சிங்கங்கள் வரிசையாகச் செத்தன. அக்டோபர் தொடக்கத்துக்குள் 23. முதலில் வனத்துறை சொன்ன காரணங்களில் முக்கியமானது உட்சண்டை. நுரையீரல் தொற்று என்றும் சொன்னார்கள், ஆனால் செய்தியில் நின்றது உட்சண்டைதான். கேட்டவர்களுக்கும் அது நம்பும்படி இருந்தது. ஆண் சிங்கம் என்றால் சண்டை போடும், குட்டிகளைக் கொல்லும், இதில் விசாரிக்க என்ன இருக்கிறது? பிறகு மாதிரிகள் புணே தேசிய வைராலஜி நிறுவனத்துக்குப் போயின. அங்கே கண்டுபிடித்தது கேனைன் டிஸ்டெம்பர் வைரஸ். நாய்களிடம் சாதாரணமாக இருக்கும் நோய். 1994இல் செரெங்கெட்டியில் ஏறக்குறைய 1000 சிங்கங்களை, அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கை, அழித்ததும் இதே வைரஸ். அங்கேயும் காட்டைச் சுற்றியுள்ள ஊர் நாய்கள் மேல்தான் சந்தேகம் போயிற்று, அவற்றுக்குத் தடுப்பூசி போட்டார்கள். கிர் சிங்கங்களுக்கு அமெரிக்காவிலிருந்து தடுப்பூசி வந்தது.

நாய் நம்முடையது. அதாவது அந்தச் சாவுகள் புலியின் கணக்கில் எழுதப்பட்டிருந்தன, ஆனால் தடம் சக்கரத்தின் தடம்.

இங்கே நான் வளர்ந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, எண்ணூர் பற்றித் தமிழ்ச் செய்தித்தாள்களில் அதிகம் வரும் சொல் 'முன்விரோதம்'. முன்விரோதம் காரணமாக வாலிபர் வெட்டிக் கொலை. இரு கோஷ்டி மோதல். அந்த ஒரு சொல்லோடு செய்தி முடிந்துவிடும், படிப்பவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அவங்களுக்குள்ள வெட்டிக்கிட்டாங்க, அவ்வளவுதான். (எங்கள் ஆட்களை மிருகத்தோடு ஒப்பிடுகிறான் என்று யாராவது கோபப்பட்டால், அந்த வேலையை சினிமா ஏற்கெனவே செய்து வசூலும் பார்த்துவிட்டது. மனிதனுக்குக் கத்தியைக் கீழே போடும் வாய்ப்பு உண்டு, சிங்கத்துக்கு இல்லை. அந்த வித்தியாசத்தை நான் மறக்கவில்லை.)

அந்தச் சொல் பொய்யில்லை. விரோதம் நிஜமாகவே இருக்கும். ஆனால் சென்னைத் துறைமுகத்தில் 1983இல் கன்டெய்னர் முனையம் வந்தபின், மூட்டை சுமந்த கூட்டத்துக்கு வேலை எப்படிச் சுருங்கியது, 1996இல் பெரம்பூர் பின்னி ஆலை மூடியபோது அந்தத் தெருக்களில் என்ன ஆயிற்று என்பதெல்லாம் 'முன்விரோதம்' என்ற சொல்லுக்கு முன்னாலேயே நின்றுவிடும். பத்துப் பேருக்கு இருந்த வேலை மூன்று பேருக்கு ஆனால், அந்த மூன்று இடத்துக்கு விரோதம் வரத்தான் செய்யும். என் ஆயா கடைசி வருடங்களில் விடாமல் இருமுவாள். காட்டிய டாக்டர் எக்ஸ்ரே கூட எடுக்காமல் "வயசாச்சில்ல, அப்படித்தான்" என்றார். மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி மாலைக்குள் சாம்பல் பூசிக்கொள்ளும் தெருவில் இருந்தவள் அவள். வயசு என்பதும் பொய்யில்லை.

ஆகவே நான் போட்ட கோடு நகர்கிறது. உட்சண்டை என்று வைத்துக்கொண்டாலும், எதனால் உட்சண்டை என்று கேட்டாக வேண்டும். கிர் சிங்கங்கள் 2015 கணக்கெடுப்பில் 523, 2020இல் 674, 2025இல் 891. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சில டஜன்களாகக் குறைந்து, ஜூனாகட் நவாப்களின் தயவில் பிழைத்த இனம் இப்படிப் பெருகியது உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் காடு அந்த வேகத்தில் பெருகவில்லை. ஓர் இளம் ஆண், துரத்தப்பட்டால் எங்கே போவான்? மாமரத் தோட்டம், கரும்புக் காடு, கடற்கரை. இந்தச் சிங்கங்களில் பாதியை மத்தியப் பிரதேசத்துக்கு அனுப்பு என்று யாரும் கேட்கவில்லை. சிலவற்றை மட்டும் குனோவுக்கு மாற்றுங்கள், எல்லா முட்டையும் ஒரே கூடையில் வேண்டாம் என்றுதான் உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 15 அன்று தீர்ப்புச் சொன்னது. போகவில்லை. 2022 செப்டம்பரில் குனோவுக்கு நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகள் வந்தன. ஒரே சர்வரில் மொத்த டேட்டாவையும் வைத்துக்கொண்டு, அது எங்கள் மாநிலத்தின் பெருமை என்று சொல்கிற நிர்வாகியை நான் ஆபீஸில் பார்த்திருக்கிறேன், அதனால் இதில் எனக்கு ஆச்சரியம் குறைவு.

கிர் சிங்கங்களின் போட்டி வெறும் ரத்தக்களறியும் அல்ல. ஜாலாவும் ஸ்தோத்ர சக்கரவர்த்தியும் பல வருடங்கள் பின்தொடர்ந்து எழுதியதைப் படித்தால் வேறு உலகம் தெரிகிறது. அங்கே ஆண்கள் பெண்களோடு சேர்ந்து குடும்பமாக இருப்பதில்லை, தனித்தனி. இரண்டு ஆண்கள் கூட்டுச் சேர்ந்தால் பெரியவனுக்கே எழுபது சதவீதத்துக்கு மேல் இணைசேரும் வாய்ப்பு, சாப்பாட்டிலும் அவனுக்கே பெரிய பங்கு. சின்னவன் பொறுத்துக்கொள்கிறான், தனியாக இருப்பது அதைவிட மோசம். (கூட்டணி தர்மம் நமக்குப் புதிதா?) பெண் சிங்கங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டணிகளோடு இணைகின்றன. குட்டி யாருடையது என்ற குழப்பம் இருக்கும்வரை எவனும் கொல்லத் துணிய மாட்டான். கொலைக்கு எதிராக அவை தாமாகக் கட்டிய ஒரு ஏற்பாடு இது. இதற்குள் நாம் கையை விட்டால் எந்த நூலை அறுப்போம் என்று தெரியாது. அதனால்தான் இன்னொரு சிங்கம் கடித்த காயத்தை விட்டுவிட வேண்டும் என்பதில் நான் இன்னும் அந்த லாரி அண்ணன் பக்கம்.

விடுவது என்றால் பார்க்காமல் விடுவது அல்ல. செத்த உடலை அறுத்து, ரத்தம் எடுத்து, சோதனைக்கு அனுப்பிய பிறகு எழுதப்படும் 'உட்சண்டை'க்கும், பார்த்தவுடன் எழுதப்படும் 'உட்சண்டை'க்கும் எழுத்து ஒன்றுதான். முதலாவது முடிவு. இரண்டாவது வாயை மூடும் வழி. பசு தன் கொம்பால் மணியை அடித்துக்கொள்ள முடிந்தது. சிங்கத்துக்காக ஆய்வகத்தில் யாராவது அடிக்க வேண்டும். நாய்க்கு ஊசி போடுவது, திறந்த கிணறுகளுக்குச் சுவர் கட்டுவது, இரண்டாவது காடு தேடுவது என்று நம் கடமையில் முக்கால்வாசி சிங்கத்தைத் தொடாமலே செய்யக்கூடியது. கிணற்று வேலையை குஜராத் வனத்துறை ஆயிரக்கணக்கான கிணறுகளில் செய்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று சந்தேகமே வராத இடமும் உண்டு. அம்ரேலி மாவட்டத்துக் கடற்கரையில் பிபாவாவ் துறைமுகம் இருக்கிறது. எங்கள் எண்ணூர், காட்டுப்பள்ளி போலவே கிரேன், கன்டெய்னர் அடுக்கு, உப்புக் காற்று. அதை ஒட்டிய ராஜுலா, ஜாபராபாத் பக்கம் சிங்கங்கள் குடியேறிவிட்டன. சுரேந்திரநகரிலிருந்து துறைமுகம் போகும் சரக்கு ரயில் பாதையைக் கடக்கும்போது பல அடிபட்டுச் செத்திருக்கின்றன. குஜராத் உயர் நீதிமன்றம் அதைக் கேள்வி கேட்டது. இப்போது தண்டவாளத்தை ஒட்டி நடந்துகொண்டே சிங்கம் தென்படுகிறதா என்று பார்க்க ஆட்களை வைத்திருக்கிறார்கள். அவர்களிடமிருந்து தகவல் வந்தாலோ, விளக்கொளியில் ஓட்டுநரே கண்டுகொண்டாலோ, பிரேக் போட்டு மொத்த ரயிலையும் நிறுத்துகிறார். அது எழுந்து, அந்தப் பக்கம் இறங்கிப் போகும்வரை கன்டெய்னர்கள் காத்திருக்கின்றன.